மூன்றாவது துண்டுச் சீட்டு

மூன்றாவது கேள்வி என்னுடையது. காலையில் ஜூனியர் முபீனா கையில் திணித்துவிட்டுப் போன துண்டுச் சீட்டு, நாலாக மடித்தது, உள்ளங்கை வேர்வையில் நைந்து துணி மாதிரி ஆகிவிட்டது, பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை, மனப்பாடம். ஐந்தாவது வரிசை, ஓரத்து நாற்காலி. இடது கால் மரத்துப்போய் ஒரு கால் மணி நேரம் இருக்கும், காலை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும், மாற்றிப் போடத் தோன்றவில்லை. நான்கு நாளாக இப்படித்தான், எதுவும் தோன்றவில்லை. மேடையில் தங்கதுரை அண்ணன் ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் பாதி முகமாக நின்று மூன்றாவது ஸ்லைடைப் படித்துக்கொண்டிருக்கிறார். வெளியாட்களுக்குத் தெரியாது, முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு என்றால் அவையில் இருக்கும் யாரும் கேள்வி கேட்கலாம் என்பது விதி, யாரும் கேட்க மாட்டார்கள் என்பது வழக்கம். கேள்வியே வராமல் முடிந்தால் நெறியாளருக்கு மதிப்புக் குறைவு. அதனால் எங்கள் துறையில் நெறியாளரே ஐந்து கேள்விகளை எழுதி, எண் போட்டு, ஐந்து மாணவர்களிடம் பிரித்துக் கொடுத்துவிடுவார், பதில் ஐந்தும் ஆய்வாளரிடம் முன்னாலேயே போய்விடும். கேட்பவருக்குப் பதில் தெரிய வேண்டாம், பதில் சொல்பவருக்குச் சந்தேகம் வர வேண்டாம். "அக்கா, மூணு உங்களுக்கு, ஐயாவே சொன்னாரு, நாவரசிக்கு மைக்கே வேணாம், கேண்டீன் வரைக்கும் கேக்கும்னு," என்றாள் முபீனா. "நான் கேக்கலைன்னா?" "நீங்க கேக்கலைன்னா நாலாம் நம்பரு பயந்துரும்க்கா, அது இப்பவே மூணு வாட்டி பாத்ரூம் போயிட்டு வந்துருச்சு." சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சீட்டைப் பிரித்தேன். ஊதா மை, அண்ணனுக்கும் எனக்கும் நெறியாளரான வைத்தியலிங்கம் ஐயாவின் சாய்ந்த எழுத்து. இலக்கணம், சொல்வன்மை இரண்டும் மொழியைத்தான் ஆராய்கின்றன என்றால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தாங்கள் எவ்வாறு நிறுவியுள்ளீர்கள்? தாங்கள். நிறுவியுள்ளீர்கள். நிறுவியது நான்.

அதை மறுபடி சொல்லிப் பார்க்கிறேன், நிறுவியது நான், எழுவாய் பயனிலை எல்லாம் சரியாக உட்கார்ந்திருக்கிறது, ஆனால் மனதுக்குள் சொல்லும்போது ஒரு வலியும் இல்லை, பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல, யாருடைய கன்னமோ. நான்கு நாளுக்கு முன்னால் துறை நூலகத்தில் பார்த்தேன், தேர்வுக்கு முன் ஆய்வேட்டை எல்லோரும் பார்க்கும்படி மேசை மேல் வைக்க வேண்டுமே, கருநீல அட்டை, தங்க எழுத்து, சும்மா புரட்டினேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். முதலில் தோன்றியது, பரவாயில்லையே, தங்கதுரை அண்ணன் நல்லா எழுதியிருக்காரே. சத்தியமாக அதுதான் தோன்றியது. இரண்டு பத்தி போன பிறகுதான் அந்த நடையின் மூச்சு தெரிந்தது, ஓர் இடத்தில் எனக்குப் பிடிக்காமலேயே விட்டுவைத்த 'எனினும்' அங்கேயே நின்றது. முப்பத்தெட்டுப் பக்கம். பதினொரு மாதம் முன்னால் என் மூன்றாம் அத்தியாயத்தை ஐயாவிடம் கொடுத்தேன், கையெழுத்தில் திருத்துவார் என்று தட்டச்சுப் படியாகவும், அவர் கேட்டார் என்று பென் டிரைவிலும். மாதா மாதம் போய் நிற்பேன், "பாக்குறேம்மா, பரபரன்னு நிக்காத," என்பார். பார்த்திருக்கிறார். இன்றைக்கு இந்தப் பட்டம் உறுதியானால் நாளைக்கு அந்த முப்பத்தெட்டுப் பக்கம் தங்கதுரை அண்ணனுடையது, நான் சமர்ப்பிக்கும்போது எழுத்துத் திருட்டைத் தேடும் கம்ப்யூட்டர் என்னைத்தான் திருடி என்று சொல்லும், மூன்று வருடம் போய்விடும். வாயைத் திறந்தால் ஐயா என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டார், அப்போதும் மூன்று வருடம் போய்விடும். இவ்வளவுதான் கணக்கு, இதை நான்கு நாளாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருக்கிறேன். எடுத்ததைக்கூட விடலாம். அந்த அத்தியாயத்தின் கேள்வியை எழுதி, ஐந்து பேரில் தேர்ந்து, என்னிடமே கொடுத்தனுப்பியிருக்கிறாரே, மிரட்டலா என்று ஓர் இரவு முழுக்க யோசித்தேன், மிரட்டலாக இருந்தால்கூட மரியாதைதான். இல்லை. யாரிடமிருந்து எடுத்தோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. சத்தமாகப் பேசுகிற பெண் ஒருத்தி வேண்டும், நாவரசி இருக்கிறாள்.

கைதட்டல். அண்ணன் நான்காவது ஸ்லைடுக்குப் போய்விட்டார். முன்வரிசையில் அவர் மனைவி பட்டுப்புடவையில், மடியில் பிள்ளை, பிள்ளையின் கையில் ஒரு பிஸ்கட் கரைந்துகொண்டிருக்கிறது. பதினைந்து வருடமாகக் கௌரவ விரிவுரையாளர், கௌரவம் என்ற சொல்லை இவ்வளவு மோசமாக யாரும் பயன்படுத்தியதில்லை என்று நான் ஒருதடவை சொன்னபோது அண்ணன் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். தமிழ்த் தட்டச்சு எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவருக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்கலாம், ஐயா ஒரு கோப்பை நீட்டி, "இதைச் சேத்துக்கப்பா, என்னோட பழைய குறிப்பு," என்று சொல்லியிருக்கலாம், ஐயா நீட்டுவதை எங்கள் துறையில் யாரும் என்னவென்று கேட்பதில்லை. நடுவர் அவர்களே, என்று எனக்குள்ளே ஒருத்தி எழுந்துவிட்டாள், கல்லூரியிலிருந்து நாற்பது சொற்போர் மேடை ஏறியவள், எந்த அணி கொடுத்தாலும் பேசுவாள். நடுவர் அவர்களே, பேசாமல் இருப்பதே அறிவு, ஏனென்றால் சான்று இல்லை, பென் டிரைவ் தேதியை யார் ஒத்துக்கொள்வார்கள், அந்தப் பிள்ளையின் பிஸ்கட்டைப் பாருங்கள். அடுத்து எதிரணி, அதே குரல், அதே புடவை, எழுந்துவிடுவதே அறம், ஏனென்றால் இன்று ஓர் அத்தியாயம், நாளை. நாளை என்ன? அந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினால் அவை கைதட்டும், பல மேடையில் பார்த்திருக்கிறேன், நாளைக்கு என்ன என்று சொல்லவே தேவை இருக்காது. இரண்டு அணியும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் பேசுகின்றன, நடுவர் நாற்காலி காலியாக இருக்கிறது. ஒருவேளை இதுதான் எனக்குத் தெரிந்த சொல்வன்மையின் அளவு, எல்லாவற்றையும் நம்ப வைக்கத் தெரியும், எதையும் நம்பத் தெரியாது.

அத்தியாயத்தில் அப்படி எழுதவில்லை. அதில் கண்ணனில் ஆரம்பித்திருந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லா இலக்கணப் புத்தகத்திலும் கண்ணன் வந்தான். எத்தனை வருடமாக வந்துகொண்டிருக்கிறான், எங்கிருந்து வந்தான் என்று யாரும் கேட்டதில்லை, உட்காரச் சொன்னதில்லை, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை, எழுவாய் என்று கோடு போட்டு வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். இலக்கணத்துக்கு அது போதும், அந்த வாக்கியம் தன் காலில் நிற்கிறதா என்பதுதான் அதன் கேள்வி, நியாயமான கேள்வி, யாருக்கும் பயப்படாத கேள்வி. சொல்வன்மை அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கும், கண்ணன் வந்தான் என்று சொன்னது யார், கேட்டது யார், கேட்டவளுக்குக் கை நடுங்கியதா, மூன்று வருடம் வராதவனா, சற்று முன்தான் சண்டை போட்டுப் போனவனா. ஒரே வாக்கியம். ஒன்று அதன் எலும்பைப் பார்க்கிறது, இன்னொன்று அது யார் மேல் போய் விழுகிறது என்று பார்க்கிறது. எங்கள் துறையையே பாருங்கள், கூட்டம் இழுத்துக்கொண்டே போனாலோ யாராவது வேண்டாத கேள்வி கேட்டாலோ ஐயா கதவுப் பக்கம் கண்ணைக் காட்டுவார், உதவியாளர் சடையப்பன் அண்ணே தலையை நீட்டி, "ஐயா, காபி ஆறுது," என்பார், எல்லோரும் எழுந்துவிடுவார்கள். காபிக்கும் அந்த வாக்கியத்துக்கும் பல நாள் சம்பந்தமே இருக்காது, ஒருமுறை போய்ப் பார்த்தேன், பிளாஸ்க்கே வந்திருக்கவில்லை. சடையப்பன் அண்ணேவை எடுத்துக்காட்டாக எழுத முடியுமா? வீட்டிலிருந்து எடுத்தேன்.

வீட்டிலிருந்து எடுத்ததுதான் தப்பு. அப்பா மேடைப் பேச்சாளர், துறையூர்க் கடைவீதியில் குறிப்புத் தாள் இல்லாமல் இரண்டு மணி நேரம் பேசுவார், மழை வந்தால் கூட்டம் நனைந்துகொண்டே நிற்கும், எனக்கு இந்தப் பெயரை வைத்ததும் ஒரு மேடையில்தான், கைதட்டலோடு. அம்மா பால் சொசைட்டியில் எழுத்தர், கொண்டுவந்த பாலில் எவ்வளவு தண்ணீர் என்பதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கக் கட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள், அப்பா முந்தின நாள் பேச்சை மறுபடி பேசிக்காட்டிக்கொண்டிருந்தார், காபி கொண்டுவந்த அம்மா, "அந்த அணை அந்த வருசம் கட்டலைங்க, நீங்க சொன்ன மூணு கணக்கும் தப்பு," என்றாள். கோபமில்லை, கிண்டலில்லை, லாக்டோமீட்டரைப் பார்த்துச் சொல்வது போல. வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அப்பா அம்மாவிடம் பேசவில்லை. கடைவீதியில் இரண்டு மணி நேரம், வீட்டில் ஒரு சொல் இல்லை. அம்மா மத்தியானம் தட்டு வைப்பாள், சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், பிறகு ஜன்னலைப் பார்த்து, "சோறு ஆறுது," என்பாள். சாப்பிட வாங்க என்று சொன்னால் தோற்றதாகிவிடும், ஒன்றும் சொல்லாவிட்டால் அவளும் சண்டை போட்டதாகிவிடும், இரண்டுக்கும் நடுவில் எப்படியோ சோற்றைப் பற்றி ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்திருந்தாள். நாற்பது நாள். அப்பா வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார், பேச மாட்டார். நான் எழுதியது இவ்வளவுதான், யார் வீடு என்று எழுதவில்லை, 'ஒரு வீட்டில் ஒருவர் ஒருவரிடம் நாற்பது நாள் சொன்ன வாக்கியம்', ஆய்வேட்டில் அம்மா என்று எழுத வெட்கமாக இருந்தது. நாற்பத்தோராம் நாளை எழுதவேயில்லை. அன்றைக்கு அப்பா பையோடு செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார், அம்மா ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள், அப்பா பதில் சொன்னார், அந்த நாற்பத்தொரு நாளில் அவர் சொன்ன ஒரே சொல். "ஆறட்டும்." இப்போது பெரம்பலூரில் இருக்கிறாராம். அம்மா உட்கார்ந்து அந்தத் தட்டைச் சாப்பிட்டாள், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், கடைசிப் பருக்கை வரைக்கும், தட்டைக் கழுவி வைத்தாள். அந்த வாக்கியம் இப்போது நூற்று இருபத்தாறாம் பக்கத்தில் இருக்கிறது, அடியில் ஒரு குறிப்பு புதிதாக, 'கள ஆய்வில் திரட்டிய தரவு'. அதைப் படித்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை. ஆய்வேட்டை மூடி மேசையில் நேராக வைத்தேன், ஓரம் கோணலாக இருந்தது என்று மறுபடி நேராக்கினேன்.

"இப்போது அவையினர் கேள்விகள் கேட்கலாம்." முதல் கேள்வி, ஒன்றாம் எண், நன்றாக ஒப்பித்துவிட்டான். அண்ணன் பதில் சொல்கிறார், ஐயா கண்ணை மூடித் தலையாட்டுகிறார். புறத்தேர்வாளர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் ரோஸ்லின் அம்மா, சின்ன உருவம், பேனா மூடியைப் போடுவதும் எடுப்பதுமாக இருக்கிறார், இதுவரை எதற்கும் கைதட்டவில்லை. இரண்டாவது கேள்வி. எழுந்துகொள்ளாமலேயே இருந்தால் என்ன ஆகும், நான்காம் எண் பயப்படும், அவ்வளவுதான், உலகத்தில் வேறு எதுவும் ஆகாது. மைக் வந்துவிட்டது. முபீனாதான் நீட்டுகிறாள், கண்ணாலேயே எழுந்திருங்கக்கா என்கிறாள். எழுந்தேன், இடது கால் தரையில் இருக்கிறதா என்று தெரியவில்லை, முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். சீட்டில் இருந்ததைச் சீட்டில் இருந்தபடியே கேட்டேன், தாங்கள் உட்பட. ஐயா கண்ணைத் திறக்காமல் புன்னகை செய்தார். அண்ணன் ஆரம்பித்தார், "நல்ல கேள்வி. ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணன் வந்துகொண்டிருக்கிறான்," அவை சிரித்தது, நான் எழுதும்போது சிரிப்பார்கள் என்று நினைத்த அதே இடத்தில். எலும்பு, ஜன்னல், எல்லாம் வந்தது. பிறகு, "எடுத்துக்காட்டாக, 'சோறு ஆறுது'," என்றார். என் அம்மாவின் வாக்கியம் ஸ்பீக்கரில் கேட்டது, கொஞ்சம் எதிரொலியோடு. "இலக்கணப்படி இது வெறும் செய்தி. சொல்வன்மைப்படி இது ஓர் அழைப்பு." கைதட்டல். நான் உட்கார வேண்டும். சீட்டு முடிந்துவிட்டது. உட்காரவில்லை, துணிச்சல் என்று சொல்ல மாட்டேன், கால் மடங்கவில்லை. "அதைச் சொன்னது யாருண்ணே?" என்று கேட்டேன்.

"அது வந்து, கள ஆய்வுல..." "எந்த ஊருல? யாருகிட்ட சொன்னது?" என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது, ஏற்றம் இல்லை இறக்கம் இல்லை, மேடையில் இப்படிப் பேசினால் மூன்றாம் பரிசுகூட வராது. "நாற்பது நாள் சொல்லியிருக்காங்களே, நாற்பத்தோராம் நாள் கேட்டவர் என்ன பதில் சொன்னார்?" அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு ஐயாவைப் பார்த்தார். அந்தப் பார்வை போன வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கு இந்த நிமிடம் வரை தெரியாது. மைக்கைக் கொஞ்சம் தள்ளி, "எனக்குத் தெரியாதும்மா," என்றார், மெதுவாக, இன்றைக்கு அவர் சீட்டில் இல்லாமல் சொன்ன முதல் வாக்கியம். ஐயா சட்டென்று கைதட்டினார். "ஆகா! தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றான் பாருங்க, இதுதான் ஆய்வாளனுக்கு அழகு!" அவை முழுக்கக் கைதட்டியது, பிஸ்கட் பிள்ளையும் தட்டியது. நாற்பது மேடை ஏறியவள் நான், இவ்வளவு சுத்தமான அடியைப் பார்த்ததில்லை, ஒரு மனிதனின் உண்மையை அவன் வாயிலிருந்து விழும் முன்னாலேயே பிடித்து மாலையாக்கி அவன் கழுத்திலேயே போட்டாயிற்று. இனி உட்காரலாம். தட்டாமல் இருந்தது இரண்டு கைதான், ரோஸ்லின் அம்மாவினுடையவை, அவர் பேனா மூடியைக் கழற்றியிருந்தார். "ஒரு நிமிசம். நீ சொல்லு மக்கா. உனக்குத் தெரியுமா?"

அவை வணக்கம் சொல்லலாம், மெதுவாக ஆரம்பித்து மூன்றாவது வாக்கியத்தில் குரலை உயர்த்தலாம், அம்மா என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்தலாம், எல்லாம் தயாராக இருந்தது, எதையும் எடுக்கப் பிடிக்கவில்லை. "எங்கம்மா சொன்னாங்க. எங்கப்பாகிட்ட சொன்னாங்க. துறையூர்ல. அவரு 'ஆறட்டும்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மூணாவது அத்தியாயம் நான் எழுதுனது." ஐந்து வாக்கியம். யார் செய்தது, என்ன செய்தது, வேறொன்றும் இல்லை அவற்றில். "உக்காரும்மா, உணர்ச்சிவசப்படாத," என்றார் ஐயா, அன்பாக, எல்லோருக்கும் கேட்கும்படி. உணர்ச்சி எங்கே இருக்கிறது, காட்டுங்கள் ஐயா, நான்கு நாளாகத் தேடுகிறேன். அவர் கண் கதவுப் பக்கம் போனது. சடையப்பன் அண்ணே தலையை நீட்டினார், என்னைப் பார்த்தார், ஒரு கணம் தயங்கினார், பிறகு இருபது வருடமாகச் சொல்வதைச் சொன்னார். "ஐயா, காபி ஆறுது." நாற்காலிகள் நகர்ந்தன, பின்வரிசை எழுந்துவிட்டது, முபீனா என் கையிலிருந்து மைக்கை வாங்கக் கையை நீட்டி அப்படியே நின்றாள். அண்ணன் மட்டும் மேடையில் தன் ஆய்வேட்டின் கருநீல அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார், முழுசாக ப்ரொஜெக்டர் வெளிச்சத்துக்குள், இரண்டு கண்ணும் கூசும்படி.

"ஆறட்டும்," என்றார் ரோஸ்லின் அம்மா.

தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அந்தச் சொல்லை நான் வாழ்க்கையில் ஒரே ஒருவர் வாயில்தான் கேட்டிருக்கிறேன், அதற்குப் பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது. எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அவர் ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்து, விரலை நக்கி, பக்கம் பக்கமாகத் தள்ளினார். "எங்க ஆரம்பிக்குது? நூத்திப் பன்னெண்டா?" "ஆமாம்மா." நான் உட்கார நாற்காலியைத் தொட்டேன். "இருக்காத, நின்னுட்டே சொல்லு, முதல் பக்கத்துல இருந்து," என்றார். இடது காலில், பாதத்திலிருந்து மேலே, ஊசி ஊசியாகக் குத்த ஆரம்பித்தது, வலித்தது, நன்றாகவே வலித்தது, முன் நாற்காலியிலிருந்து கையை எடுத்துவிட்டு அந்தக் காலையும் ஊன்றினேன்.